கை வேகம்

தங்கை: இடது... இடது... அக்கா, சுடு! சுடேன்!

அக்கா: சுட்டுட்டுதானடி இருக்கேன்!

தங்கை: எங்க சுடற? ஒரு குண்டு ஊருக்குப் போய் லெட்டர் போட்டப்புறம்தான் அடுத்த குண்டு கிளம்புது... ஐயோ... போச்சு.

அக்கா: போச்சா?

தங்கை: மூணு லைஃபும் போச்சு. முதல் ரவுண்டே தாண்டல. வெளிய சொல்லிடாத.

அக்கா: நீதான் விமானத்த நேரா கொண்டுபோய் அதுங்க வாயில விட்ட.

தங்கை: ஆமா, ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்.

அக்கா: சரிடி, சரி. இன்னொரு ஆட்டம் போடு. பாப்பா ஸ்கூல் விட்டு வர இன்னும் நேரம் இருக்குல்ல?

தங்கை: மூணரை ஆகும். இதுல எத்தனை கேம் இருக்காம்?

அக்கா: முந்நூறுன்னான். பழைய சாமான் கடையில ஓரமா கிடந்துச்சு. டிவி பின்னால ஒயர மாட்டினா போதும்னான். குச்சி, பட்டன் எல்லாம் அந்தக் காலத்துல பார்த்த மாதிரியே... பார்த்ததும் உன் ஞாபகம்தான் வந்துச்சு.

தங்கை: குச்சி இடது பக்கம். பட்டன் வலது பக்கம்.

அக்கா: அத நான் யோசிக்கலடி. வாங்கிட்டு பஸ் ஏறி உட்கார்ந்தப்புறம்தான்... இறங்கித் திருப்பிக் கொடுத்துடலாமான்னு...

தங்கை: அட, விடு. ரெண்டு பேரும்தான் சேர்ந்து ஆடறோமே. அப்ப நீ ஓட்டுவ, நான் சுடுவேன். இப்ப நான் ஓட்டறேன், நீ சுடு. இதுல என்ன இருக்கு?

அக்கா: ஒண்ணுமில்ல.

தங்கை: ஒண்ணுமில்லன்னா மூக்க ஏன் உறிஞ்சற? ஆரம்பிக்குது பாரு... கை வை.

அக்கா: எந்தப் பட்டன்?

தங்கை: சிவப்பு. அமுக்கிப் பிடிக்காத, தட்டு. தட்டித் தட்டி எடு. சூடான கல்ல தொடற மாதிரி.

அக்கா: இப்படியா?

தங்கை: ம்... மாவு பிசையற மாதிரி இருக்கு. பரவாயில்ல.

அக்கா: மொட்டை என்ன சொல்வார் உன்ன, ஞாபகம் இருக்கா?

தங்கை: மொட்டை அண்ணன்! அந்தச் சாவிக்கொத்து... ஒரு கிலோ இருக்கும்ல?

அக்கா: கேம் கடையில இருந்த எட்டு மெஷினுக்கு எண்பது சாவி வச்சிருந்தார் மனுஷன். உன் பக்கத்துல வந்து நின்னு, "இது விரலா, தையல் மெஷின் ஊசியா?"ன்னு கேப்பார்.

தங்கை: பட்டன் தேயுதுன்னு வேற திட்டுவார். வலது, வலது... வரான்... சுடு! ஆங், அப்படித்தான்!

அக்கா: விழுந்துச்சா?

தங்கை: விழுந்துச்சு! டைப் கிளாஸ்னு பொய் சொல்லிட்டுப் போனதுக்கு இதாவது வருதே.

அக்கா: நாலு மாசம்! நாலு மாசம் கழிச்சு அம்மா ஒரு லெட்டர் அடிச்சுத் தரச் சொன்னாங்க. அப்ப நீ முழிச்ச முழி இருக்கே...

தங்கை: "கிளாஸ்ல ரிப்பன் தீர்ந்துடுச்சும்மா."

அக்கா: அம்மாவும் நம்பினாங்க பாவம். "ரிப்பன் கூட வாங்கிப் போடாம என்ன கிளாஸ் நடத்தறாங்க"ன்னு நேரா போய்க் கேக்கக் கிளம்பிட்டாங்க.

தங்கை: செருப்பு மாட்டிட்டாங்கக்கா! வாசல் வரைக்கும் போயிட்டாங்க! நீதான் வயித்து வலின்னு கீழ விழுந்து புரண்ட.

அக்கா: புரண்டேன். அப்புறம் ரெண்டு நாள் கஞ்சி குடிச்சேன்.

தங்கை: இப்பவும் எனக்கு அந்தக் கடை வாசனை வருதுக்கா. மாடிப்படிக்கு அடியில ஜன்னலே இல்லாம... சிகரெட், வேர்வை, சூடான ஒயர் வாசனை. பொண்ணுங்கன்னு பார்த்தா நாம ரெண்டே பேர்.

அக்கா: எட்டாம நீ சோடாப் பெட்டியக் கவிழ்த்துப் போட்டு ஏறி நிப்ப. பசங்க ஆட்டத்த விட்டுட்டு வந்து உன் கையத்தான் பார்ப்பானுங்க.

தங்கை: நான் திரையவே பார்க்க மாட்டேன், தெரியுமா? பாதி நேரம் கண்ண மூடிக்குவேன். நீ குச்சியத் திருப்பற சத்தத்துலயே எனக்குத் தெரியும், எவன் எங்க வரான்னு.

அக்கா: பொய் சொல்லாதடி.

தங்கை: நிஜமாக்கா. நீ ஓட்டினா எங்கயும் மோதாதுன்னு இருக்கும். அப்புறம் கண்ணு எதுக்கு? அக்கா, சுடு... சுடுன்னா! என்ன யோசனை? அடிச்சுட்டான் பாரு.

அக்கா: கை வலிக்குது.

தங்கை: அதுக்குள்ளயா? எனக்கும்தான் வலிக்குது.

அக்கா: இடது கையா? ரொம்ப நேரம் பிடிச்சுட்டே இருக்க...

தங்கை: இல்ல. அந்தக் கை.

அக்கா: ...கட்டு இறுக்கமா இருக்கா?

தங்கை: கட்டு இல்ல. அதுக்கு மேல. விரல் இருந்த இடம். நீ பட்டன் தட்டறப்பெல்லாம் அந்தக் கட்டைவிரலும் தட்டுது. நீ மெதுவா தட்டறன்னு அதுக்குக் கோவம்.

அக்கா: டாக்டர்கிட்ட சொன்னியா?

தங்கை: சொன்னேன். போகப்போக மறந்துடும்னார். நானா மறப்பேன், விரலா மறக்கும்னு கேட்டேன். மனுஷன் சீட்டு எழுதறத நிறுத்திட்டார்.

அக்கா: உனக்கு எல்லாத்துலயும் கிண்டல்.

தங்கை: வேற என்ன பண்ணச் சொல்ற? ஒரு கை தட்டினா ஓசை வராதுன்னு சொல்வாங்கல்ல? போன வாரம் பாப்பா ஸ்கூல்ல பரிசு கொடுத்தாங்க. எல்லாரும் கை தட்டினாங்க. நான் தொடையில தட்டினேன். நல்லாவே வந்துச்சு ஓசை.

அக்கா: போதும்டி.

தங்கை: அவளே இப்ப தலை பின்னிக்கறா. ரெண்டு பக்கமும் கோணல்தான். ஆனா அழல.

அக்கா: நான் காலையில வந்து பின்னி விட்டுட்டுப் போறேனே.

தங்கை: ஏழு மணி ஷிப்டு உனக்கு. எங்கேருந்து வருவ? இன்னைக்கு எப்படி லீவு கொடுத்தார் நம்ம மேனேஜர்?

அக்கா: கேட்டேன்... கொடுத்தார்.

தங்கை: அம்மா செத்தப்பவே அரை நாள்தான கொடுத்தார்.

அக்கா: அது வேற... அடுத்த ஆட்டம் போடு.

தங்கை: போட்டுட்டேன். ஓடிட்டிருக்கு.

அக்கா: நாளைக்குப் பத்து மணிக்கு அந்த விசாரணை ஆபீசர் இங்க வரார்ல?

தங்கை: சிவப்ப விட்டுட்டு மஞ்சளத் தட்டற நீ.

அக்கா: உன்கிட்டதான்டி கேக்கறேன்.

தங்கை: பெரிய கப்பல் வருதுக்கா, ஓரமாப் போறேன்... ம்... வரார்னு சொன்னாங்க. அதுக்கு?

அக்கா: என்ன சொல்லப் போற?

தங்கை: அவர் என்ன கேப்பார்?

அக்கா: மூடி அடிக்கற பிரஸ்ஸுக்கு முன்னாடி கம்பிக் கதவு இருக்கே, அதப்பத்திதான் கேப்பார். கதவு மூடினாத்தான் மெஷின் இறங்கும். தெறந்திருக்கும்போது எப்படி இறங்குச்சுன்னு...

தங்கை: கதவு சுவிட்ச அமுக்கி டேப் ஒட்டியிருந்துச்சு. அதனால இறங்குச்சு. இது எல்லாருக்கும் தெரிஞ்சதுதான?

அக்கா: யார் ஒட்டினதுன்னு கேப்பார்.

தங்கை: ஓ.

அக்கா: மேனேஜர் நேத்து கூப்பிட்டுப் பேசினார். உன்னப் பத்தி ரொம்ப வருத்தமா பேசினார். ஸ்டோர் ரூம்ல உட்கார்ந்த இடத்துலயே வேலை இருக்காம். மூடி எண்ணற வேலை. உனக்குன்னு எடுத்து வச்சிருக்காராம்.

தங்கை: மூடிய அடிச்சது ஒரு கை, எண்ணறது ஒரு கையா?

அக்கா: விளையாடாதடி.

தங்கை: அந்த வேலை சும்மா கிடைக்குமா? நான் என்ன சொல்லணுமாம்?

அக்கா: சொல்லணும்னு யாரும் சொல்லல. ஞாபகம் இல்லன்னே சொல்லிடேன். ஆஸ்பத்திரியில மயக்கத்துல கிடந்தவதான, யாரும் தப்பா நினைக்க மாட்டாங்க. இல்ல... அவசரத்துல நானே ஒட்டிட்டேன்னு...

தங்கை: நானே ஒட்டினேன்னு சொன்னா, என் தப்புன்னு ஆயிடும். அப்புறம் கம்பெனி எனக்கு ஒரு பைசா தர வேண்டியதில்ல. சரியா?

அக்கா: ஸ்டோர் ரூம் வேலை இருக்கேடி... மாசாமாசம் வருமே...

தங்கை: அக்கா.

அக்கா: ம்.

தங்கை: சுடறத நிறுத்திட்ட. விமானம் சும்மா நிக்குது பாரு. எல்லாம் வந்து மோதுதுங்க.

அக்கா: நான்தான்டி ஒட்டினேன். டீ நேரத்துல. அன்னைக்கு நாலாயிரம் மூடி போகணும். மதியம் வரைக்கும் பாதி கூட ஆகல. ஒவ்வொரு மூடிக்கும் கதவத் தெறந்து மூட மூணு செகண்ட் போகுது. மேனேஜர் எல்லார் முன்னாடியும், "சூப்பர்வைசர்னு ஒரு சேரு எதுக்கு உனக்கு"ன்னு கத்தினார்... என்னடி, எதாவது சொல்லு. திட்டு. அடி.

தங்கை: தெரியும்.

அக்கா: என்ன தெரியும்?

தங்கை: நீதான் ஒட்டினன்னு. டீ குடிச்சுட்டுத் திரும்பி வரேன், நீ குனிஞ்சு டேப்பப் பல்லால கிழிச்சிட்டிருந்த. பார்த்தேன்.

அக்கா: பார்த்தியா? பார்த்துட்டு ஏன்டி அதுல போய் உட்கார்ந்த? ஏன்டி?

தங்கை: நீ ஒட்டினா சரியாத்தான் இருக்கும்னு நினைச்சேன்.

அக்கா: ஐயோ...

தங்கை: அழாதக்கா. பக்கத்து வீட்டுக்குக் கேக்கும்.

அக்கா: கேக்கட்டும்! பதினோரு மெஷின் இருந்துச்சுடி அந்த வரிசையில. வேற எதுலயும் ஒட்டல. வேற எவ கையையும் நம்பல நான். உன் மெஷின்ல மட்டும்தான்... உன் கை வேகம் எனக்குத் தெரியுமே. அந்தக் கடையில, அவ்வளவு பசங்களுக்கு நடுவுல, கண்ண மூடிட்டு... உன் கையில எதுவும் படாதுன்னு...

தங்கை: நானும் அப்படித்தான் நினைச்சேன். ரெண்டு மணி நேரம் படவே இல்லையே. அவ்வளவு வேகமா போச்சு. மூடி விழற சத்தம், எடுக்கறேன், வைக்கறேன்... ஒரு மாதிரி சந்தோஷமா கூட இருந்துச்சு. சொன்னா நம்ப மாட்ட.

அக்கா: சொல்லாதடி... சொல்லாத.

தங்கை: அப்புறம் கொஞ்சம் கண்ண மூடிட்டேன் போல. தண்ணி குடி. இந்தா... ஒரு கையில மூடியத் திருக முடியல, நீயே தெற.

அக்கா: எனக்குத் தண்ணி வேண்டாம். நான் ஒண்ணு சொல்றேன், கேளு. நீ எதுவும் சொல்ல வேண்டாம். ஸ்டோர் ரூமும் வேண்டாம், ஒரு மண்ணும் வேண்டாம். நாளைக்குக் காலையில நான் இங்கயே வந்து உட்கார்ந்துக்கறேன். அந்த ஆபீசர் வரட்டும். நான்தான் ஒட்டினேன், மேனேஜர் கத்தினதாலதான் ஒட்டினேன்னு உன் முன்னாடியே சொல்லிடறேன்.

தங்கை: வேலை போயிடும்க்கா.

அக்கா: போகட்டும்.

தங்கை: கேஸ் போடுவாங்க. உள்ள வச்சாலும் வைப்பாங்க. உன் ரெண்டு பிள்ளைங்க? மாமா அந்த இருமலோட என்ன பண்ணுவார்?

அக்கா: அத அப்புறம் பார்த்துக்கலாம். ஆறு வாரமா சோறு இறங்கலடி எனக்கு. உன் கையப் பார்க்கும்போதெல்லாம்... இவ்வளவு நாள் பயத்துல வாயத் தெறக்காம இருந்துட்டேன். அது தப்புதான். ஆனா ஒண்ணு, உன் பேர்ல பழி போட்டு நான் யார்கிட்டயும் எதுவும் சொல்லல. இதுவரைக்கும் ஒரு வார்த்தை சொல்லல. அத மட்டும் நம்பு. நம்பறியாடி? ஏன் அப்படிப் பார்க்கற?

தங்கை: நாளைக்கு யாரும் வரமாட்டாங்கக்கா. ஆபீசர் இன்னைக்குக் காலையிலயே வந்துட்டுப் போயிட்டார். ஒரு பேப்பரக் காட்டினார். "டேப்ப என் தங்கச்சியேதான் ஒட்டியிருக்கா, நான் பார்க்கல"ன்னு இருந்துச்சு. கீழ உன் கையெழுத்து. தேதி, கை போன மறுநாள். நான் இன்னும் கண்ணு முழிக்காத நாள். "இது உண்மையாம்மா?"ன்னு கேட்டார். வேத்தாள் முன்னாடி உன்னப் பொய்க்காரின்னு சொல்ல எனக்கு வாய் வரல. உண்மைதான் சார்னுட்டேன். கையெழுத்துப் போடச் சொன்னார். இடது கைக்கு இன்னும் எழுத வரல... கட்டைவிரல உருட்டி எடுத்துட்டுப் போனார்.