பங்கேற்பாளர் எண் ஒன்று

— இன்னைக்குக் காலேஜ்ல அந்தக் கட்டுரையைக் கொடுக்காதே. தலைவலின்னு சொல்லிடு. இல்லை, எனக்குத் தலைவலின்னு சொல்லு.

— என்னங்க விளையாடுறீங்களா? பத்து மணிக்குக் கொடுத்தாத்தான் பட்டம். இல்லைன்னா இன்னும் ஒரு வருஷம் அந்தக் குட்டி பெஞ்சுல, சின்னப் பிள்ளைங்க நடுவுல முட்டியை மடக்கிக்கிட்டு உட்காரணும். ஐம்பது வயசு முட்டி தாங்குமா?

— அதுல எழுதியிருக்கிறது பொய்ம்மா.

— எது பொய்?

— நான்தான்.

— காலங்காத்தால தத்துவமா? லிஃப்ட் ரிப்பேர் பண்றவர் மாதிரி பேசுங்க.

— சரி. சாயந்திரம் ஆறுலேருந்து ஒன்பது வரைக்கும் வாசல் பெல் அடிச்சா, நம்ம வீட்டுல யார் எழுந்து போறது? நீ போறியா, நான் போறேனா? நாப்பது நாள் பார்த்து எழுதினே. அவ்வளவுதானே விஷயம்?

— சமூகவியல்ல அதுக்குப் பேரு பங்கேற்று நோக்கல். கூடவே இருந்து, கவனிச்சு, குறிச்சுக்கிறது.

— குறிச்ச நோட்டை நான் எட்டாம் நாளே படிச்சுட்டேன்.

— ஓஹோ.

— என்ன ஓஹோ? மொத வாரம் முப்பத்தொரு தடவை பெல். நீ முப்பது, நான் ஒண்ணு.

— அந்த ஒண்ணும் கூரியர்காரர் உங்க பேரைச் சொல்லிக் கத்தினதால.

— அதுக்குக் கீழே என்ன எழுதியிருந்தே? மனப்பாடமாவே சொல்றேன். ‘பங்கேற்பாளர் எண் ஒன்று. ஆண், வயது ஐம்பத்து மூன்று. மணி அடித்ததும் தலையைத் தூக்குகிறார். உடம்பைத் தூக்குவதில்லை.’

— வாத்தியாரம்மாவுக்கு ரொம்பப் பிடிச்ச வரி அது. வகுப்புல வாசிச்சே காட்டினாங்க.

— வகுப்புலயா! நாளெல்லாம் ஊராரை ஏத்தி இறக்குற பெட்டியைப் பழுது பாக்குறவன்மா நான். என் உடம்பைத் தூக்க ஆளில்லைன்னு எழுதினா? ரோஷம் வந்துடுச்சு. அன்னையிலேருந்து பெல் அடிச்சா பறந்தேன். சோப்பு நுரையோட ஓடினேன். டிவியில பெல் அடிச்சதுக்குக்கூடப் போய்க் கதவைத் திறந்தேன்.

— திறந்துட்டு, காத்து வாங்க வந்த மாதிரி நின்னீங்க. அதையும் குறிச்சிருக்கேன்.

— அதைத்தான் சொல்றேன், எல்லாம் நடிப்பு! கடைசி வாரம் நீ நாலு, நான் இருபத்தேழு. அதை நம்பி நீ ‘ஆண்கள் மாறிவிட்டார்கள்’னு எழுதிக் கொடுப்பே. யாராவது ஒரு கேள்வி கேட்டா மாட்டிக்குவே. என்னால உன் பட்டம் போயிடுமேன்னு ரெண்டு நாளா சாப்பாடே இறங்கலை.

— ரெண்டு நாளா மூணாந்தடவை போட்டுச் சாப்பிட்டீங்களே?

— அது கவலையில சாப்பிட்டது.

— சரி, அந்த நோட்டு எங்கேங்க கிடைச்சுது?

— என் மூக்குக் கண்ணாடிக் கூட்டுக்கு அடியில. நீ மறந்து வெச்சிருந்தே.

— கல்யாணம் ஆனதுலேருந்து நான் எதையாவது மறந்து பார்த்திருக்கீங்களா?

— ...அடிப்பாவி.

— ஏழு நாள் உங்களுக்குத் தெரியாம பார்த்தேன். எட்டாம் நாள் உங்க கண்ணுல படுற மாதிரி வெச்சேன். தன்னை ஒருத்தர் கவனிக்கிறாங்கன்னு தெரிஞ்சா மனுஷன் எப்படி நடந்துக்கிறான்? அதுதாங்க என் தலைப்பே. கிளம்புறதுக்கு முன்னாடி சொல்லலாம்னு இருந்தேன், நீங்க முந்திக்கிட்டீங்க.

— என்னை ஒரு வார்த்தை கேட்கலையே?

— சம்மதம்னு கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களே.

— அது ஸ்கூட்டர் இன்சூரன்ஸ் இல்லையா?

— படிச்சுட்டுப் போடுங்கன்னு மூணு தடவை சொன்னேன். ஸ்கூட்டரை வித்து ரெண்டு வருஷம் ஆச்சுங்க.

— அப்போ உன் பட்டத்துக்கு ஒரு ஆபத்தும் இல்லை?

— நீங்க நடிச்சதாலதான் பட்டமே.

— அட, என் நடிப்புக்கு இப்படி ஒரு பரிசா! வயித்துல பாலை வார்த்தே. ஆராய்ச்சி முடிஞ்சுதுன்னு சொல்லு.

— இதோ, நோட்டை மூடிப் பையில போட்டாச்சு. ஜிப்பையும் இழுத்தாச்சு. இனிமே உங்களை யாரும் கவனிக்கலை.

— ஆஹா! இந்த நாற்காலி இருக்கே, இதுல நான் முதுகைச் சாய்ச்சே ஒரு மாசம் ஆச்சு. எப்பவும் நுனியில, ஓட்டப் பந்தயக்காரன் மாதிரி. இனிமே வாசல்ல இடியே விழுந்தாலும் சரி...

— பெல் அடிக்குது. சாஞ்சுக்கங்க, நான் போறேன்.

— தலைகூடச் சீவலை நீ, நேரமாகுது. சீவு, நான் பாக்கிறேன்.

— என்னங்க, நோட்டு மூடியாச்சு!

— தெரியும்டி. கால் கிளம்பிடுச்சு, நான் என்ன பண்ண... யாரும்மா நீ?

— ஆன்ட்டியோட படிக்கிறேன் அங்கிள். ஐயோ, நீங்களா திறந்தீங்க? நான் தோத்துட்டேன்!

— எதுல?

— கடைசிப் பக்கம் ஒண்ணு பாக்கி இருக்கு அங்கிள். நோட்டை மூடின பிறகு நீங்க எழுந்துப்பீங்களா, மாட்டீங்களா? எட்டரைக்கு வந்து பெல் அடின்னு ஆன்ட்டி சொல்லியிருந்தாங்க. வகுப்புல முப்பத்து நாலு பேர் ‘மாட்டார்’னு எழுதினோம். வாத்தியாரம்மாவும்.

— நல்ல மரியாதை! எனக்காகப் பேச ஒரு ஆள்கூடவா இல்லை?

— ஒரே ஒருத்தங்க. எழுதி உறையில போட்டு ஒட்டி, போன மாசமே என்கிட்ட கொடுத்துட்டாங்க. இந்தாங்க, நீங்களே பிரிங்க.

— என்னங்க, அதை இப்ப எதுக்குப் பிரிக்கிறீங்க? கொடுங்க இங்கே!

— இரு, இரு. கையெழுத்துப் போடுறதுக்கு முன்னாடி படிக்கணும்னு நீதானே சொன்னே? ‘எழுந்திருப்பார். இதற்கு ஆதாரம் நாற்பது நாள் அல்ல, இருபத்தாறு வருஷம். மணி அடித்தால் இன்றுவரை தலையைத் தூக்காமல் இருந்ததில்லை. தலை எப்போதோ கிளம்பிவிட்டது. உடம்பு வந்துசேரும், லிஃப்டுக்குக் காத்திருப்பதைப் போலக் காத்திருக்கிறேன்.’