குறுக்குத்துறை மணலில் சென்னப்பட்டணம்

கோமு: மிதிச்சிராதிய! அது எழும்பூர் ஸ்டேஷன்!

சிவசைலம்: கால் சுண்டுவெரல்தான பட்டுது... நீயே குவிச்ச மணலு, நீயே சரி பண்ணிக்கோ.

கோமு: சரி, ரயிலை விட்டு எறங்கியாச்சு. இந்தாங்க குச்சி. முன்னால போங்க, நான் பின்னாலயே வாரேன். பட்டணத்தைச் சுத்திக் காட்டுங்க.

சிவசைலம்: விடிஞ்சும் விடியாம, குளிக்க வந்த எடத்துல என்ன கிறுக்குட்டி இது? ஆத்துல பனி கூட வெலகல. ஈரச் சேலையோட நிக்கே.

கோமு: ரெண்டு வருசம் இருந்த ஊரு. பொண்டாட்டிக்கு ஒரு நா காட்டுனா கொறஞ்சா போயிருவிய?

சிவசைலம்: எட்டு மணி ரயில்ல பட்டணத்துலேருந்து உங்க அண்ணன் வாராக. அவுகளும் இதைத்தான் கேக்கப் போறாக. நீயுமா?

கோமு: எனக்குச் சொல்லிப் பழகிட்டா, அவுகளுக்குச் சொல்லலாம்லா. 'பட்டணத்துல இருந்தவன் ஒரு நா கூட என் வீட்டுப் படி ஏறலியே'ன்னு கடுதாசி போட்டிருக்காக. உங்க பதில் சரியில்லன்னா என்னை அம்பாசமுத்திரத்துக்கு, எங்க அம்மா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிருவாகளாம்.

சிவசைலம்: போயிருவியா?

கோமு: மொதல்ல ஸ்டேஷனைச் சொல்லுங்க.

சிவசைலம்: ம்... செவப்புச் செங்கல்லு. ஊடால வெள்ளைப் பட்டை. உச்சியில வெள்ளையா கும்பம். கும்பத்துக்குப் பின்பக்கம், கைப்பிடிச் சொவத்துக்கு அடியில, புறா முட்டை விட்டிருக்கும்.

கோமு: பின்பக்கமா? தெருவுல நின்னா அது தெரியுமா?

சிவசைலம்: எனக்குக் கண்ணு நல்லாத் தெரியும்லா...

கோமு: ரொம்ப நல்லாத்தான் தெரிஞ்சிருக்கு. பொறவு?

சிவசைலம்: பொறவு ஐகோர்ட்டு. அன்னா, அந்தப் பாறைதான் ஐகோர்ட்டுன்னு வச்சுக்கோ. எம்புட்டுக் கும்பம்னு நெனைக்கே! பலாப்பழத்தை வரிசையா நிறுத்தி வச்ச மாதிரி... நடுவுல ஒசரமா கலங்கரை விளக்கு. அங்கன நின்னா கப்பல் எறும்பாத் தெரியும். காத்து வேட்டியை உருவிரும். ஜன்னல்ல செவப்பும் பச்சையுமா கண்ணாடி. வெயிலு விழுந்துச்சுன்னா தரையெல்லாம் சாயம் கொட்டின மாதிரி... அதுல காலை வைக்கவே மனசு வராது கோமு.

கோமு: கண்ணை மூடிக்கிட்டே சொல்லுதிய.

சிவசைலம்: மூடுனாத்தான் நல்லாத் தெரியுது.

கோமு: கேக்க ஆசையாத்தான் இருக்கு. ஆனா ஸ்டேஷன்லேருந்து ஐகோர்ட்டுக்கு எப்படி வந்தோம்?

சிவசைலம்: நடந்துதான்.

கோமு: எந்தத் தெரு வழியா?

சிவசைலம்: ...நேரா.

கோமு: நேரா நடந்தா கூவத்துல விழுவோம். டிராம் ஏறணும். இடது கைப்பக்கம் மூர் மார்க்கெட்டு, அடுத்தாப்புல சென்ட்ரல் ஸ்டேஷன் மணிக்கூண்டு. அதையும் தாண்டிப் போனா வலது கைப்பக்கம் லா காலேஜு, அதை ஒட்டி ஐகோர்ட்டு. குச்சியைக் குடுங்க, நான் கோடு போடுதேன்.

சிவசைலம்: ஏட்டி... ஒனக்கு எப்படி இதெல்லாம்?

கோமு: ஜெபராணி டீச்சர் வீட்டுக்கு வந்து எழுத்துச் சொல்லிக்குடுத்தாகள்லா? அவுக பட்டணத்துல படிச்சவுக. ம், நடங்க. டிராம் வருது, ஒதுங்குங்க!

சிவசைலம்: ஒதுங்கிட்டேன், ஒதுங்கிட்டேன்... பொறவு சாயங்காலம் கடக்கரை. மணல்ல உக்காந்தம்னா, கோட்டைக்குப் பின்னால, மலை மேல சூரியன் பைய எறங்கும்...

கோமு: பட்டணத்துல மலை ஏது?

சிவசைலம்: மலை இல்லாம பொழுது எங்கன போய் விழும்?

கோமு: வீடுகளுக்குப் பின்னாலதான்.

சிவசைலம்: ...பாவம்லா அந்த ஊரு.

கோமு: அண்ணன்கிட்ட மலையைச் சொல்லிராதிய. அங்கனயே மாட்டிக்கிடுவிய.

சிவசைலம்: கோமு... கோடு போட்டது போதும். குச்சியைக் கீழ போடு.

கோமு: ஏன்?

சிவசைலம்: நான் பட்டணத்துக்குப் போகவே இல்ல.

கோமு: ம்.

சிவசைலம்: வெள்ளைக்காரனை எதுத்து நடந்த அந்தக் கலவரத்தன்னைக்கு நானும் கூட்டத்துல நின்னேன். பிடிச்சிட்டாக. ரெண்டு வருசமும் அன்னா, ஆத்துக்கு அந்தப் பக்கம், பாளையங்கோட்டை ஜெயிலு. எங்க அப்பாதான் ஊருக்கெல்லாம் பட்டணம்னு சொல்லி வச்சாக. ஒனக்கும் அதையே சொல்லச் சொன்னாக.

கோமு: அப்ப ஐகோர்ட்டு? அந்தக் கண்ணாடி?

சிவசைலம்: பக்கத்துல பாக்கியசீலன்னு ஒருத்தர் படுத்திருந்தாரு. கொத்தனாரு. ஐகோர்ட்டுக்கும் ஸ்டேஷனுக்கும் சாரத்துல நின்னு பூசினவரு. கஞ்சி குடிச்சதும் தெனமும் என்னை ஒரு கும்பத்து மேல ஏத்தி விடுவாரு. கதை கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். தெருவுல எறக்கி விட்டதே இல்ல...

கோமு: நல்ல மனுசரு.

சிவசைலம்: உங்க அண்ணன் சர்க்கார் உத்தியோகம். மச்சான் ஜெயிலுக்குப் போனவன்னு தெரிஞ்சா அவுக வேலைக்கே ஆபத்து. ஒன்னைக் கூட்டிட்டுப் போனா நான் தடுக்க முடியாது. எனக்குப் பயமா இருக்கு கோமு.

கோமு: பட்டணம்னே சொல்லுங்க. கட்டடத்தை நீங்க சொல்லுங்க. தெரு வந்துச்சுன்னா, 'அதான் கடுதாசில எழுதினியளே'ன்னு நான் எடுத்துக்குடுக்கேன். நான் எங்கயும் போகல. போங்க, முங்கி எந்திரிங்க. ரயிலுக்கு நேரமாச்சு.

சிவசைலம்: இரு. ஜெயிலுன்னு சொல்லுதேன், நீ அழல, ஏசல... ஒனக்கு முன்னாலயே தெரியும்!

கோமு: தண்ணி சில்லுன்னு இருக்கும், பைய எறங்குங்க...

சிவசைலம்: எப்பத் தெரியும்? சொல்லுட்டி.

கோமு: நீங்க போன மறு மாசம். டீச்சர்கூட வண்டியில வாரேன்... பாளையங்கோட்டை ரஸ்தாவுல கல்லு பரத்துறதுக்கு உங்களையெல்லாம் வரிசையாக் கூட்டிட்டுப் போனாக. எல்லாருக்கும் ஒரே மொட்டை, ஒரே உடுப்பு. நடை மட்டும் உங்க நடை. அன்னைக்கே டீச்சர்கிட்ட பட்டணத்தைப் பத்தி ஒவ்வொண்ணாக் கேக்க ஆரம்பிச்சிட்டேன்... என்னைக்காச்சும் உங்களுக்கு வேண்டியிருக்கும்லா.

சிவசைலம்: அங்கன வச்சே ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாமே கோமு...

கோமு: கூப்பிடாமலா? பேரைச் சொல்லக் கூடாதுன்னு 'இந்தாருங்க'ன்னேன். வரிசையில அத்தனை பேரும் தன் பொண்டாட்டின்னு நெனைச்சுத் திரும்பிப் பாத்தாக. நீங்க மட்டும்தான் குனிஞ்சே போனிய.