நாற்பது பேருக்கு ஒரே அறை: டாக்டர் செனோபியா அருனாத்தெகி நினைவாக

மேடையில் அமர்ந்திருக்கும் துணை அமைச்சர் அவர்களே, முப்படைத் தளபதிகளே, ஆலைகளையும் துறைமுகங்களையும் அரைநாள் விட்டுவிட்டு வந்திருக்கும் நண்பர்களே, அமைச்சகத் தோழர்களே, முன்வரிசையில் துயரத்தோடு அமர்ந்திருக்கும் அருனாத்தெகி குடும்பத்தாரே, நாளைக் காலை நம் தேசப் பாதுகாப்புக் கல்லூரியில் சேரப்போகும் நாற்பது பேரே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழச் சிப்பாய் அன்செல்மோ வாமானியின் வணக்கம்.

ஐந்து நிமிடத்தில் முடிக்கச் சொன்னார்கள். முடியாது. உட்கார்ந்து பேசச் சொன்னார்கள். அதுவும் முடியாது. டாக்டர் செனோபியா போய் ஒன்பது நாளாகிறது. இந்த ஒன்பது நாளாக என்னால் ஒரு நாற்காலியில் சேர்ந்தாற்போல் பத்து நிமிடம் உட்கார முடியவில்லை. ஏன் என்று கடைசியில் சொல்லலாமென்று நினைத்தேன். வேண்டாம், இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அவர் இருபத்திரண்டு ஆண்டு ஒரே அறையில் நடத்திய வகுப்பை நாளையிலிருந்து இரண்டாகப் பிரிக்க ஒரு கடிதம் தயாராக இருக்கிறது. சீருடைக்காரர்களும் அரசு அதிகாரிகளும் இந்தக் கட்டடத்தில் படிப்பார்கள். கம்பெனிக்காரர்கள் தெருவைத் தாண்டி ஓர் ஓட்டலில் படிப்பார்கள். தொடக்க விழா விருந்தில் மட்டும் கைகுலுக்கிக்கொள்வார்கள். கல்விக்குழுத் தலைவர் கையெழுத்துப் போடாமல் அந்தக் கடிதம் செல்லாது. கையெழுத்து இருக்கிறது. போட்டவன் நான்.

ஆம், நான்தான்! ஏன் சலசலக்கிறீர்கள்? இன்னும் கேளுங்கள்.

யார் இந்த செனோபியா? அவர் துப்பாக்கி பிடித்தவரா? இல்லை. தேர்தலில் நின்றவரா? இல்லை. வடக்கே பியூராவிலிருந்து தலைநகர் லிமாவுக்கு வந்த பொருளாதார ஆசிரியை. ஜெனரல் ஆகக் காத்திருக்கும் கர்னல்கள், அமைச்சக இயக்குநர்கள், கம்பெனி மேலாளர்கள் என்று நாற்பது பேரை ஏழு மாதம் ஒரே அறையில் அடைத்து வைத்துப் பாடம் நடத்திய அம்மையார். முதல் நாள் வாசலில் நின்று எல்லோருடைய பதவிப் பட்டையையும் வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுவிடுவார். உள்ளே பெயர் மட்டும்தான். எல்லோரும் எல்லோருக்கும் ‘நீ’தான். நான் அங்கே படிக்கப் போனபோது, என் பெண்டாட்டியைத் தவிர யாரும் என்னை ‘நீ’ என்று சொல்லி முப்பது வருடம் ஆகியிருந்தது!

இன்னொன்றும் செய்வார். ஊரிலிருந்து வாழைக்காய் வறுவல் வரவழைத்து வைத்திருப்பார். நன்றாகப் பேசியவனுக்கு அது கிடைக்காது. ‘என் திட்டம் தப்பு’ என்று எழுந்து நின்று ஒப்புக்கொண்டவனுக்குத்தான் ஒரு பொட்டலம். ஏழு மாதத்தில் எனக்குப் பதினொன்று கிடைத்தது. அந்த வருடம் அதுதான் அதிகம்.

முதல் பொட்டலம் எப்படிக் கிடைத்தது என்று சொல்கிறேன். வடக்கே வெள்ளம் வந்து பாலம் அடித்துக்கொண்டு போனால் என்ன செய்வது? இதுதான் பயிற்சி. நான் பொறியாளர் படைப்பிரிவின் கர்னல், சும்மா இருப்பேனா? படையிடம் இரும்புப் பாலம் இருக்கிறது. அதன் பாகங்கள் ஒவ்வொன்றும் எங்கள் லாரியைவிட நீளம். ஆகவே பக்கத்துச் சர்க்கரை ஆலையில் கரும்பு ஏற்றும் நீளமான டிரெய்லர் வண்டிகள் அறுபதையும் எடுத்துக்கொள்கிறோம் என்று வரைபடத்தில் குச்சியால் தட்டித் தட்டிச் சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது. காசிமிரோ பரேத்தோ, அதே சர்க்கரை ஆலையின் மேலாளர்.

“அன்செல்மோ, ஒரு சந்தேகம். பிப்ரவரியில எங்க ஆலைப் பக்கம் எப்பவாச்சும் வந்திருக்கியா?”

“இல்ல.”

“வந்து பாரு. மழை மாசம்னா ஆலையை நிறுத்திப் பழுது வேலை பாப்போம். அறுபது வண்டியும் கட்டை மேல உக்காந்திருக்கும். சக்கரம் பூரா பட்டறையில கிடக்கும். உன் பாலத்தை யாரு தூக்கிட்டுப் போறது, நீயா?”

அறையே சிரித்தது. வெள்ளம் வருவதும் பிப்ரவரியில்தான்! வண்டியை எண்ணினேன், மாதத்தைப் பார்க்கவில்லை. அது போதாதென்று போக்குவரத்து அமைச்சகத்து எதெல்மிரா எழுந்தார்.

“சக்கரமே இருந்தாலும் அவ்வளவு நீள வண்டிய நெடுஞ்சாலையில விடணும்னா எங்க அனுமதி வேணும். பதினஞ்சு நாளாகும். சும்மா சொல்லி வைக்கிறேன்.”

“பதினஞ்சு நாள்ல தண்ணியே வடிஞ்சிடும்மா!” என்றார் காசிமிரோ.

செனோபியா மட்டும் சிரிக்கவில்லை. “சிரிச்சது போதும். நீங்க மூணு பேரும் தனியா போய் உக்காருங்க. சாயங்காலத்துக்குள்ள ஒரே தாள்ல எழுதிக் குடுங்க. மூணு தாள் வந்துச்சு, மூணையும் கிழிச்சிடுவேன்” என்றார். பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார்.

பதினான்கு மாதம் கழித்து உண்மையாகவே ஆறு பெருகியது. பாலம் போயிற்று. மறுகரையில் நாலாயிரம் பேர், இரண்டு நாளைக்கு மட்டும் குடிதண்ணீர். அந்த ஒற்றைத் தாளில் எழுதியபடி இருபது வண்டிகளை காசிமிரோ சக்கரத்தோடு நிறுத்தி வைத்திருந்தார். எதெல்மிரா முன்கூட்டியே கையெழுத்திட்ட அனுமதியில் தேதியை மட்டும் நிரப்பினார். இரண்டாம் நாள் நண்பகலுக்குள் என் ஆட்கள் பாலத்தைப் போட்டுவிட்டார்கள். தண்ணீர் லாரி அக்கரைக்குப் போனபோது எழுந்த சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. சொல்லுங்கள், இரண்டு கட்டடத்தில் படித்திருந்தால் அந்தத் தாளை யார் எழுதியிருப்பார்கள்?

பத்திரிகையில் என் படம் வந்தது. நான் ஜெனரல் ஆனேன். செனோபியா தொலைபேசியில் அழைத்தார். “படத்துல நல்லாத்தான் இருக்க. பக்கத்துல காசிமிரோ எங்க?” என்றார். புகைப்படக்காரர் வந்தபோது காசிமிரோ நாலடி தள்ளிச் சேற்றில் நின்று வண்டியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் கூப்பிடவில்லை. இதுதான் நான். எல்லோரும் சேர்ந்து நிற்க வேண்டிய இடத்தில் தனியாக நின்றுவிடுகிறவன். அதனால்தான் அந்தக் கடிதத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

துணை அமைச்சர் அவர்களே, உங்கள் பக்கமும் நியாயம் இல்லாமல் இல்லை. போன ஆண்டு ஒரு கம்பெனி ஆள் வகுப்பில் பார்த்த ராணுவ வரைபடத்தை வெளியே காட்டினார். தப்பு, பெரிய தப்பு! செனோபியா அன்றைக்கே அவரை வீட்டுக்கு அனுப்பினார். ஒருவன் செய்ததற்கு எல்லோரையும் தெருவுக்கு அந்தப் பக்கம் அனுப்புவதா? இதை நான் குழுவில் கேட்டிருக்க வேண்டும். ஓய்வுபெற்ற காலத்தில் எதற்கு வம்பு என்று பேனாவை எடுத்தேன்.

மறுநாள் உணவகத்தில் செனோபியா தட்டோடு வரிசையில் எனக்குப் பின்னால் வந்து நின்றார்.

“கையெழுத்துப் போட்டியாமே?”

“மேலிடத்து உத்தரவு, செனோபியா.”

“மேலிடம்னா யாரு? மாடியில குடியிருக்கறவங்களா?”

“கோபப்படாத. அடுத்த வருஷம் மாத்திக்கலாம்.”

“அடுத்த வருஷம் ஆறு உன்னைக் கேட்டுட்டா வரும்? போ அன்செல்மோ. உன் சூப்பு ஆறுது.”

அவர் என்னோடு பேசிய கடைசிப் பேச்சு அது. நாலு நாள் கழித்து, காலையில், அவருடைய அறையிலேயே நெஞ்சுவலி வந்து போய்விட்டார். மன்னிப்புக் கேட்கலாம் என்று நான் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தேன். பாதிப் படியில் ஆட்கள் ஓடி வந்தார்கள். அம்மா, செனோபியா, எனக்கு இன்னும் ஐந்து நிமிடம் தந்திருக்கக் கூடாதா? அந்தப் படியை விட்டு இன்னும் இறங்க முடியாமல் தவித்துக்கொண்டிருக்கிறேன்!

அவருக்கு மண்டபம் கட்டுவோம் என்கிறார்கள். சிலை வைப்போம் என்கிறார்கள். அவர் கேட்டது ஒரே ஒரு அறை. நாற்பது நாற்காலி கொண்ட ஒரே ஒரு அறை! அதைப் பிடுங்கிக்கொண்டு சிலை வைப்போமா? அதைப் பூட்டிவிட்டு மாலை போடுவோமா?

துணை அமைச்சர் அவர்களே, இந்தச் சபையின் முன் சொல்கிறேன். என் கையெழுத்தை நான் திரும்பப் பெறுகிறேன். எழுத்திலும் கொண்டுவந்திருக்கிறேன், இதோ, வாங்கிக்கொள்ளுங்கள். கையை நீட்டுங்கள் ஐயா, நான் வயதானவன், குனிய முடியாது. நன்றி.

நாளை சேரப்போகும் நாற்பது பேரே, ஓட்டலுக்கு யாரும் போக வேண்டாம். எல்லோரும் இங்கேயே, இரண்டாம் மாடிக்கு, டாக்டர் அருனாத்தெகியின் அறைக்கு வாருங்கள். வேறு ஆசிரியர் அமையும்வரை வகுப்பை நான் எடுக்கிறேன். அவர் அளவுக்கு வராது, ஆனாலும் எடுக்கிறேன்.

இதற்காக என்னைப் பதவியிலிருந்து நீக்கும் அதிகாரம் அமைச்சகத்துக்கு உண்டு, மறுக்கவில்லை. நீக்குவதாக இருந்தால் காலை எட்டு மணிக்கு முன்னால் நீக்கிவிடுங்கள். எட்டு மணிக்கு எனக்கு வகுப்பு இருக்கிறது.