பேராவூரணிக் கயிறு

ஓடுகிறேன். நெல் அறுத்த தாள் பாதத்தில் குத்துகிறது. பின்னால் ஆட்கள். ஒரு கல் காதோரம் விர்ரென்று போகிறது.

"வெளியூரான் ஓடுறான்! மடக்கு! வாய்க்காப் பக்கம் மடக்கு!"

ஐப்பசி மாதம். குறுவை அறுப்பு. திருவாரூருக்குக் கிழக்கே ஒரு கிராமம். ஆட்சி மாறியிருந்தது. உழுகிறவனுக்கே நிலம் என்று சுவரெல்லாம் எழுதியிருந்தது. வயலில் ஒன்றும் மாறவில்லை. கூலி நெல்லைக் கூட்டிக் கேட்டு உள்ளூர் ஆட்கள் அரிவாளைக் கீழே போட்டிருந்தார்கள். அது எனக்குத் தெரியாது. நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன். எங்கே வேலையோ அங்கே போவேன். பேராவூரணியில் மேஸ்திரி லாரியில் ஏறச் சொன்னார். ஏறினேன்.

கதிர்க்கட்டு கட்டுவதற்கு எங்கள் பக்கத்து வழக்கப்படி தேங்காய்நார்க் கயிறு கொண்டுபோனேன். இடுப்பில் சுற்றியிருந்தேன். இங்கே வைக்கோலைத் திரித்துப் பிரி செய்வார்கள். பிரியால்தான் கட்டுவார்கள். இடுப்பில் கயிறு இருந்தால் வெளியூரான். தூரத்திலேயே தெரியும்.

வாய்க்காலில் குதித்தேன். ரோட்டுக்கு அடியில் ஒரு சிமெண்டுக் குழாய். நுழைந்தேன். முகவாய் வரை தண்ணீர். கரையில் ஒரு பெண் புல் அறுத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துவிட்டாள்.

தலைக்கு மேல் தடதடவென்று கால்கள். நின்றன.

"யக்கா, இந்தப் பக்கம் ஒருத்தன் வந்தானா?"

"வந்தான். கருவக்காட்டுப் பக்கம் ஓடுறான். இங்க நின்னு என்னையக் கேட்டுக்கிட்டிருந்தா அவன் ஊரு போயே சேந்துருவான்."

கால்கள் போயின. அவள் குனிந்தாள்.

"வெளிய வா. ஒன்ன மாரி ஆளுங்க வந்துதான் எங்க வீட்டுல அடுப்பெரியல."

திட்டிக்கொண்டே என் இடுப்புக் கயிற்றை அவிழ்த்தாள்.

"இத மடியில ஒளிச்சு வையி. இதுதான் ஒன்னக் காட்டிக் குடுக்குது."

புல் கட்ட வைத்திருந்த பிரியை எடுத்தாள். என் இடுப்பில் கட்டினாள்.

"யாராச்சும் கேட்டா கீழத்தெருன்னு சொல்லு. போ."

பெயர் கேட்கத் தோன்றவில்லை.

ரோட்டில் ஏறினேன். விசில். இரண்டு நீளம், ஒன்று குட்டை. எங்களை வரவழைத்த மிராசுதாரின் அடியாட்கள் வருகிறார்கள். பின்னால் போலீஸ் வேன். என் இடுப்பில் பிரி.

"கீழத்தெருப் பய! போடு அவன!"

முன்பல் ஒன்று அங்கேயே விழுந்தது.

நெல் கிடங்கில் அடைத்தார்கள். தகரக் கூரை. ஜன்னல் இல்லை. உள்ளே எல்லோரும் உள்ளூர் ஆட்கள். கீழத்தெருப் பக்கம் மூங்கில் வெடிக்கிறது. பட். பட். எரிவது அவர்கள் வீடுகள். நான் யாரென்று உள்ளே தெரிந்தால் செத்தேன். வெளியே தெரிந்தால் பிழைத்தேன். கதவு பூட்டியிருக்கிறது.

பக்கத்தில் ஒருவர். மண்டை பிளந்திருந்தது. என் கையைப் பிடித்துத் தடவிப் பார்த்தார்.

"பிரி நம்மூருது. கை நம்மூரு இல்லையே. நார் உரிச்ச கையி."

கையை இழுத்துக்கொண்டேன்.

"பயப்படாத. சொல்ல மாட்டேன். சத்தம் போட்டா எனக்குத்தான் தலை வலிக்கும்."

சிரித்தார். பல்லெல்லாம் ரத்தம்.

கதவு திறந்தது. போலீஸ்காரர் தெற்கத்தி ஆள். உள்ளூர் முகம் அறியாதவர்.

"பேராவூரணி ஆளு எவனும் தவறி மாட்டியிருந்தா வெளிய வா! லாரி கெளம்புது. கயித்தப் பாத்துத்தான் விடுவேன்!"

கயிறு என் மடியில் இருக்கிறது. எழுந்தால் போதும். பக்கத்தில் அவருக்குக் கண் சொருகுகிறது. இருட்டுவதற்குள் போய்விடுவார்.

கயிற்றை எடுத்தேன். அவர் இடுப்பில் கட்டினேன். கத்தினேன்.

"வெளியூரான் இங்க இருக்கான்! இழுத்துட்டுப் போங்க!"

எல்லோரும் கயிற்றைப் பார்த்தார்கள். பிறகு கிடங்கே கத்தியது. அவரோடு பிறந்து வளர்ந்தவர்கள்.

"ஆமா, வெளியூரான்! இழுத்துட்டுப் போ! அவன் மூஞ்சியில முழிக்க மாட்டோம்!"

தூக்கிக்கொண்டு போனார்கள். லாரியில் மேஸ்திரி. அவருக்குத் தன் ஆட்களைத் தெரியும். "ஏத்து" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. எஞ்சின் மூன்று முறை இருமியது. போய்விட்டது. கதவு மறுபடி பூட்டப்பட்டது.

எனக்கு ஜெயில். தை கழிந்துதான் விட்டார்கள். நேரே அந்தக் கிராமத்துக்குப் போனேன். அவர் இருந்தார். தலையில் ஒரு பள்ளம். கயிறு எங்கே அண்ணே என்று விளையாட்டாகக் கேட்டேன்.

"மேஸ்திரி ஆஸ்பத்திரி வாசல்ல எறக்கி விட்டாரு. மறுநா தலையில கட்டோட வந்தேன். பொணம் கெடக்கு. பாடை கட்டணும். வைக்கோல் பூராவும் எரிஞ்சு போச்சு. ஒரு பிரி திரிக்க வழியில்ல. ஒன் கயித்துலதான் கட்டுனோம்."

யாருக்கு என்றேன்.

"எங்க அஞ்சலைக்கு. வாய்க்கா ஓரம் புல்லு அறுத்துட்டு நின்னுச்சு. அடியாளுங்க வந்தா ஓட வேணாமா? புல்லக் கட்டாம விட்டுட்டுப் போக மனசில்லாம நின்னுருக்கு. புல்லு எறைஞ்சு கெடந்துச்சு. பிரிய எங்க தொலைச்சுச்சோ."

அவள் பிரி கட்டிய இடுப்பைத் தொட்டுப் பார்த்தேன்.

இழந்தவை இவை. கீழத்தெருவில் ஒன்பது வீடுகள். வைக்கோல் போர் அத்தனையும். கட்டியிருந்த ஆடுகள். கிடங்கிலிருந்து ஜெயிலுக்கு வந்து திரும்பாத ஒருவர். என் பல். என் கயிறு. அஞ்சலை.