எல் ஒட்டியிருந்த இடம்

– கீழ போடு! அந்தக் கம்பிச்சுருளைக் கீழ போடுன்றேன்ல!

– கத்தாதீங்க. தினம் பாத்திரம் தேய்க்கிற கை இது. பதமாத்தான் தேய்ப்பேன்.

– இது என்ன அடிப்பிடிச்ச குக்கரா? காரு! ஒரு இழு இழுத்தீன்னா பெயிண்டும் சேர்ந்து வந்துரும்.

– அப்போ நீங்களே வழி சொல்லுங்க. ஸ்டிக்கர் ஒரே இழுப்புல வந்துருச்சு. அடியில இருக்கற பசைதான் அசைவேனாங்குது.

– அசையாது. கார் சீட்டுக்குக் கவர் ஒட்டுற பசை அது. முப்பது வருஷமா கடையில அதைத்தான் பூசறேன். நான் ஒட்டி எது கழண்டு வந்திருக்கு?

– அதைத்தாங்க கேக்கறேன். வண்டி பழகறவங்க ஒட்டுற, எழுத்து மாதிரியே வெட்டின ‘எல்’ ஸ்டிக்கர் இது. ஆறு மாசத்துல பிச்சுப் போடறது. அதுக்குப் போய் யாராவது கடையிலேருந்து பசை டப்பா தூக்கிட்டு வருவாங்களா?

– மழையில ரெண்டு தடவை விழுந்துச்சு. அதான்…

– அதான் இல்ல. இவ எங்க பாஸ் ஆகப் போறான்னு ஒரு நினைப்பு.

– நான் அப்படிச் சொல்லவே இல்லையே!

– வாயால சொல்லல. பசையால சொல்லிட்டீங்க.

– சரிடி, மூணு வருஷத்துல நாலு தடவை தோத்தது யாரு? நானா?

– அஞ்சாவது தடவை பாஸ் ஆனது யாரு? போன வாரம் லைசென்ஸ் வந்தது யார் பேருக்கு?

– நடக்கப் போறேன்னு என்கிட்ட சொல்லிட்டு, விடியக்காலையில பயிற்சி வண்டியில ஊர் சுத்தினவ பேருக்கு.

– ஊர் சுத்தல. ஓட்டினேன்.

– இருக்கட்டும். பந்தயம் பந்தயம்தான். பன்னெண்டு மணிக்குள்ள, ஒரு கீறல் இல்லாம, அந்த எழுத்து போகணும். போச்சுன்னா இன்னைக்கு நீ ஓட்டு. போகலன்னா நான்தான்.

– பொண்ணை ஆஸ்பத்திரியிலேருந்து விடறது நாலு மணிக்கு. கிளம்பி வரும்போது இருட்டிடும். ஒன்றரை மணி நேரம் ஹைவே. பின் சீட்டுல மூணு நாள் குழந்தை…

– அதுக்குத்தான் சொல்றேன், பழகின கை ஓட்டட்டும்னு.

– அதுக்குத்தான் நானும் சொல்றேன், நான் ஓட்டறேன்னு. சாவி எங்க?

– இருக்கற இடத்துல பத்திரமா இருக்கு. முதல்ல வண்டியை நிழலுக்குக் கொண்டு போகணும். வெயில்ல காஞ்ச தகரத்துல பசை எடுக்கக் கூடாது. எது போட்டாலும் உடனே காஞ்சுரும்.

– அப்போ சாவியைக் குடுங்க, நகர்த்தறேன்.

– பத்தடிக்கு எதுக்குச் சாவி? ஹேண்ட் பிரேக்கை எடுத்துட்டுத் தள்ளு. நானும் கை குடுக்கறேன்.

– சாவியைக் கண்ணுல கூடக் காட்ட மாட்டீங்க போல.

– தள்ளுன்னா தள்ளு… ம்… இன்னும்… போதும், போதும். தூணை இடிச்சுராதே.

– தூண் இன்னும் நாலடி தள்ளி இருக்குங்க.

– … முன்னெச்சரிக்கையாச் சொன்னேன். இந்தா, பொண்ணோட முடி காய வெக்கிற மெஷின். சூடு காட்டு. ஒரே இடத்துல நிக்காதே, ஆட்டிக்கிட்டே இரு.

– ஆட்டறேன், ஆட்டறேன்.

– கைக்குப் பொறுக்கற சூடு போதும். இப்போ சுரண்டு. பிளேடு கூடாது. பழைய பிளாஸ்டிக் கார்டு ஏதாவது இருக்கா?

– இருக்கே. நாலாவது தடவை எடுத்த பழகுநர் லைசென்ஸ். தேதி முடிஞ்சது.

– அதையா வெச்சிருக்க?

– இதாலதான் சுரண்டணும். மூணு வருஷமா என் மூஞ்சில ஒட்டியிருந்தது மாதிரி இருக்கு இந்த எல்.

– உன் மூஞ்சில எவன் ஒட்டினான்? டிக்கி கதவுலதான ஒட்டினேன்.

– பின்னாடி வர்றவன்லாம் அதைப் பாத்துட்டு ஹார்ன் அடிப்பானே, அது டிக்கி கதவுக்கா கேக்கும்? எனக்குத்தான கேக்கும்… ஐயே, இது இழுவுதுங்க. நூல் நூலா வருது.

– வரும். சூட்டுல பாதிதான் வரும். மீதிக்கு எண்ணெய். துணியை நனைச்சு, அது மேல ஒத்தி வெச்சுட்டு, பத்து நிமிஷம் கைய வெக்காதே. இந்தா, இதை ஊத்து.

– … இது சோப்புத் தண்ணிங்க.

– தெரியும். அதுவும் வேணும்ல கடைசியில. பக்கத்துல வெச்சுக்கோன்னு குடுத்தேன்.

– சரி. வெச்சுக்கறேன்.

– மேல் விளிம்புலயும் ஒத்து. அங்கதான் தடிமனாப் பூசினேன்.

– டிக்கியைத் திறந்தா விளிம்பு நல்லாக் கிடைக்குமே…

– திறக்காதே! எண்ணெய் உள்ள இறங்கிரும். மூடியே இருக்கட்டும்.

– சரிங்க, சரி. அதுக்கு ஏன் பதறுறீங்க… இருங்க, பொண்ணு போட்டோ அனுப்பியிருக்கா. பாருங்க.

– எங்க காட்டு… அடடடா. என் மூக்கு! அச்சு அசல் என் மூக்கு. உங்க வீட்டுச் சப்பை மூக்கு வரல, தப்பிச்சான்.

– போனைக் குடுங்க.

– என்ன, கோவமா?

– இல்லீங்க. உங்க மூக்குதான்.

– அப்புறம் ஏன் மூஞ்சியைத் திருப்பிக்கற?

– எண்ணெய் கண்ணுல பட்டுருச்சு. பத்து நிமிஷம் ஆச்சு, துணியை எடுக்கவா?

– எடு. இப்போ கட்டை விரலால உருட்டு. தேய்க்காதே, உருட்டு. சின்னச் சின்ன உருண்டையா வரும்.

– வருதுங்க! வருது வருது! பாருங்க… எழுத்தோட ஒரு கால் முழுசா வந்துருச்சு.

– தள்ளு, நான் பாக்கறேன்.

– கண்ணை மூடிக்கிட்டா பாப்பீங்க?

– பசையைக் கண்ணால பாக்கக் கூடாதுடி. பளபளன்னு இருந்து ஏமாத்தும். விரலுக்குத்தான் தெரியும். இங்க இருக்கு பாரு… இங்க ஒரு பொட்டு… இந்த மூலையில ஒரு கோடு.

– எனக்குத் தெரியவே இல்ல. ஆனா தொட்டா இருக்கு. கில்லாடிதான் நீங்க.

– முப்பது வருஷம்டி. சும்மாவா?

– அந்தக் கோடு மட்டும் எண்ணெய்க்கும் அசையலீங்க. கடையிலேருந்து தின்னர் கொண்டு வந்திருக்கீங்கல்ல, அதுல ரெண்டு சொட்டு…

– தொடாதே! பசையோட பெயிண்டும் கரைஞ்சு வரும். அப்புறம் எல் போய் அங்க ஒரு பொத்தல்தான் இருக்கும். மண்ணெண்ணெய் எடு. முதல்ல பெட்ரோல் மூடிக்கு உள்பக்கம் தொட்டுப் பாரு. யார் கண்ணுக்கும் படாத இடம்.

– தொட்டேன். துணியில வண்டியோட நீலம் ஒட்டல.

– அப்போ சரி. துணியில தொட்டு, கோட்டு மேல மட்டும் ஒத்து. ஊத்திராதே.

– ஊத்தல.

– கை வலிச்சா விடு. நான் பண்றேன்.

– வலிக்குது. விடமாட்டேன்.

– மணி பதினொண்ணே முக்கால்.

– தெரியும். நீங்க மணியைப் பாக்க வேணாம், எனக்குச் சோப்புத் தண்ணியைக் குடுங்க. இந்த ஒரு கோடு… இது என்ன பண்ணிரும்னு பாத்துடறேன்… ம்… ம்… வா… வந்துட்டியா! வந்துருச்சுங்க!

– கழுவு. நல்லாக் கழுவி, காஞ்ச துணியால ஒத்தி எடு.

– எடுத்துட்டேன். தொட்டுப் பாருங்க.

– இரு… இங்க வழவழன்னு இருக்கு. இங்கயும். மூலையிலயும் இல்ல. அடேயப்பா. நான் ஒட்டினதையே எடுத்துட்டியே!

– கையை எடுங்க. ரெண்டடி பின்னாடி வாங்க.

– எதுக்கு?

– வாங்களேன். இப்போ கண்ணால பாத்துச் சொல்லுங்க.

– அதான் சொல்லிட்டேனே. சுத்தமா இருக்கு. ஜெயிச்சுட்ட, போ.

– என்னங்க…

– என்ன?

– எழுத்து அப்படியே நிக்குதுங்க.

– எங்க நிக்குது? பசைதான் போச்சே!

– பசை போச்சு. மூணு வருஷ வெயில்ல சுத்தியிருக்கற நீலம் வெளுத்துக் கிடக்கு. ஸ்டிக்கர் இருந்த இடம் மட்டும் வண்டி வாங்கின அன்னைக்கு இருந்த மாதிரி பளிச்சுனு இருக்கு. இத்தாம் பெரிய எல். எதிர் வீட்டு மாடியிலேருந்து பாத்தாலும் தெரியும்.

– … வெயில் கண்ணைக் கூசுது. அதான் சரியாத் தெரியல.

– நாம நிக்கறது நிழல்லங்க. நீங்கதான் தள்ளச் சொன்னீங்க.

– … பாலிஷ் போட்டா அதுவும் கொஞ்சம் மங்கிரும். நாலஞ்சு தடவை போடணும்.

– பாலிஷை விடுங்க. முன்னாடி ஒரு போட்டோ காட்டினேனே. உங்க மூக்குன்னீங்களே.

– ஆமா.

– அது பேரனோட பாதம்ங்க.

– பாதமா?

– உக்காருங்க. இந்தப் படியில உக்காருங்க.

– அப்பவே சொல்லியிருக்கலாம்ல நீ.

– மூணு மாசமா நீங்க சொல்வீங்கன்னு காத்துக்கிட்டிருக்கேன்.

– மூணு மாசமாவா! யார் சொன்னா? கடையிலயா? டாக்டரா?

– யாரும் சொல்லல. பஞ்சர் ஆனா டயர் மாத்தத் தெரியணும்னு பயிற்சி வாத்தியார் சொன்னாரு. வீட்டுக்கு வந்து நம்ம வண்டியில பழகிப் பாத்தேன். டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியைத் தூக்கினா, அடியில ஆஸ்பத்திரிக் கவர்.

– நீ ஸ்டெப்னியைத் தூக்குவேன்னு நான் கனவா கண்டேன்?

– ரெண்டு கண்ணுலயும் நடுவுல பார்வை போய்க்கிட்டிருக்கு, இனிமே வண்டி ஓட்டக் கூடாதுன்னு எழுதியிருந்துச்சு. படிச்சுட்டு, இருந்த இடத்துலயே வெச்சுட்டு, உங்களுக்குச் சாப்பாடு போட்டேன்.

– அன்னைக்கே கேட்டிருக்கலாம்ல.

– கேட்டா ஒத்துக்குவீங்களா? ஊசியில நூல் கோக்கப் பக்கத்துக் கடைக்காரரைக் கூப்பிடறீங்களாம். அவர் சம்சாரம் சொன்னா. அதைக் கேட்டதுக்கே நூல் சரியில்லன்னீங்க.

– … நூல் சரியில்லதான்.

– பாத்தீங்களா!

– பயமா இருந்துச்சுடி. உன்கிட்ட சொல்லிட்டா அது நிஜமாயிடும்னு.

– எனக்கும் பயந்தான். நாலு தடவை ஏன் தோத்தேன் தெரியுமா? நான் தோத்தாலும் நீங்க ஓட்டுவீங்கன்னு ஒரு தைரியம். அஞ்சாவது தடவை அந்தத் தைரியம் இல்ல. அதான் பாஸ். இப்போ எந்திரிங்க. எழுத்து போகல, பந்தயத்துல நான் தோத்துட்டேன். தோத்தாலும் நான்தான் ஓட்டுவேன். ஹார்ன் அடிக்கறவன் அடிக்கட்டும். சாவியைக் குடுங்க.

– என்கிட்ட இல்ல.

– இன்னும் என்னங்க வீம்பு?

– வீம்பு இல்லடி. பந்தயம் கட்டினதே தோக்கறதுக்குத்தான். முடியாமக் குடுத்தேன்னு இல்லாம, தோத்துக் குடுத்தேன்னு இருக்கட்டுமேன்னு பாத்தேன்… சாவி உன் கைப்பையில இருக்கு. காலையில நீ கம்பிச்சுருளைத் தேடிக்கிட்டிருந்தப்பவே போட்டுட்டேன்.