மூடியில் எழுதியவள்

குழாயில் என்ன இருக்கிறது என்பதைக் குழாயின் மேல்தான் எழுத வேண்டும், மூடியில் எழுதக் கூடாது. ஆய்வகத்தில் முதல் வாரமே இதைச் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள். என்னோடு அதே ஆய்வகத்தில் இருந்த என் மனைவிக்கு மட்டும் அந்தப் பழக்கம் வரவேயில்லை. பார்த்தேன், திருத்தவில்லை. முதலில் நான் செய்தது அவ்வளவுதான்.

அவளுடைய ஆராய்ச்சி அருமையானது, யார் கேட்டாலும் சொல்வேன். கேரட்டின் நிறம், எலுமிச்சைத் தோலின் மணம், ரப்பர் எல்லாம் ஐசோப்பிரினாய்டு என்கிற ஒரே குடும்பம். ஐந்தைந்து கார்பன் கொண்ட துண்டுகளை நொதி ஒவ்வொன்றாகக் கோர்க்கும். வளரும் சங்கிலி நொதிக்குள்ளேயே ஒரு குழியில் இறங்கும். குழியின் அடியில் பருத்த அமினோ அமிலம் ஒன்று இருக்கிறது. அதில் முட்டியதும் சங்கிலி பதினைந்து கார்பனோடு நின்றுவிடும்.

"அது ஒண்ணும் பண்றதில்லைங்க, சும்மா உக்காந்திருக்கு. அதுவே போதும்" என்பாள். அந்த இடத்தில் சின்னதாக ஒன்றை வைத்தால் சங்கிலி இருபது வரை நீளும் என்றாள். சரியாகத்தான் சொன்னாள்.

இருபது வந்தால் பட்டம், பட்டம் வந்தால் கடல் கடந்து வேலை. பாப்பாவுக்கு அப்போது ஒன்றரை வயது. வீடு என்று ஒன்று வேண்டாமா? ஒவ்வொரு சோதனைக்கு முன்பும் அவள் எழுதிய மூடியைக் கழற்றி, மாற்றம் செய்யாத நொதி இருந்த வேறொரு குழாயில் மாட்டுவேன். அவளுடையதைத் தொட்டியில் கொட்டிவிடுவேன். மூன்று வருடமும் பதினைந்துதான் வந்தது.

மரபணுவைச் சரிபார்த்தார்கள், பிழையில்லை. "உனக்குக் கைராசி இல்லம்மா" என்று பேராசிரியர் சிரித்தார். அன்று வீட்டுக்கு வந்து தன் கைகளை விரித்து வைத்துப் பார்த்துக்கொண்டேயிருந்தாள். "விடு, எல்லாருக்குமா கை வரும்?" என்று நான்தான் ஆறுதல் சொன்னேன்.

அதன் பிறகு குழம்புக்கு உப்புப் போட என்னைக் கூப்பிட்டாள். பாப்பாவுக்கு நகம் வெட்டவும் கூப்பிட்டாள். எனக்கு அது பிடித்திருந்தது.

பாப்பாவுக்கு வலிப்பு உண்டு. வந்தால் உடனே மருந்தை சிரிஞ்சில் அளந்து கன்னத்துக்குள் விட வேண்டும். அன்று பிற்பகல் ஆய்வகத்துக்குப் போன் வந்தது.

"என்னங்க, பாப்பாவுக்கு வந்துடுச்சு. மருந்து எடுத்துட்டேன். அளவு சரியான்னு தெரியல. நான் விடட்டுமா?"

"வேணாம், நீ தொடாத. நான் வந்துட்டே இருக்கேன்."

நான் வந்துகொண்டிருக்கவில்லை. அவள் எழுதிய மூடி என் விரல்களுக்கு நடுவே இருந்தது. மறுநாள் அவளுடைய கடைசிச் சோதனை. மூடியை மாட்டி, குழாயை ஃப்ரீசரில் வைத்து, கை கழுவிவிட்டுத்தான் கிளம்பினேன். போய்ச் சேர்ந்தபோது பாப்பா போய்விட்டாள். நிரப்பிய சிரிஞ்ச் மேசையில் இருந்தது. கோடு பார்த்தேன். அளவு சரி.

இந்த விசாரணையில் நீங்கள் கேட்டது குழாய்களைப் பற்றி மட்டும்தான். எத்தனை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

அவள் இன்னும் அந்த சிரிஞ்சில் தண்ணீர் எடுப்பதும் கொட்டுவதுமாக இருக்கிறாள். கதவைச் சாத்தினாலும் சொட்டுகிற சத்தம் எனக்குக் கேட்கிறது. "இப்ப சரியா இருக்கா, பாருங்களேன்" என்று நீட்டுவாள். ஒரு தடவைகூட அவள் கை தவறியதில்லை.

"கொஞ்சம் கூடிடுச்சும்மா" என்பேன். சரி என்று சொன்னால் அவள் தாங்கமாட்டாள். அவள்மேல் எனக்கு அவ்வளவு பிரியம்.