அந்த வளைவு தாண்டினால் வேளாங்கண்ணி

காலையில் நடப்பது உடம்புக்கு நல்லது. நீங்களும் நடக்க வேண்டும் மேடம். இந்த ஸ்டேஷன் நாற்காலியிலேயே கிடந்தால் முதுகு போய்விடும். உங்களுக்கு என் மகள் வயதுதான் இருக்கும், அதனால் சொல்கிறேன். முதலில் அந்த டீயைக் குடியுங்கள், ஆறுகிறது. நான் எங்கேயும் போகப் போவதில்லை.

என்னைப் பற்றி விசாரித்திருப்பீர்கள். சோபியா டீச்சர், முப்பது வருடமாக ஒன்றாம் வகுப்பு, ஒரு பிள்ளையையும் அடித்ததில்லை. உண்மைதான். எனக்குப் பயம் அதிகம். யாராவது குரலை உயர்த்தினாலே எழுந்து வெளியே போய்விடுவேன். நாலு பேர் முன்னால் தலைகுனிய வேண்டி வருமோ என்று நினைத்தாலே அன்று இரவு தூக்கம் வராது. நடந்ததெல்லாம் அந்தப் பயத்தால் நடந்ததுதான்.

சிறுநீரகம் பழுதான பிள்ளைகளின் சிகிச்சைக்காக, அரியலூர் பக்கத்து ஆசிரியர்கள் சேர்ந்து ஆகஸ்டில் ஒரு நடை வைத்தோம். ஒரு மாதத்தில் ஆளுக்கு முந்நூறு கிலோமீட்டர். அவரவர் ஊரிலேயே நடக்கலாம். போன் கணக்கெடுத்துக்கொள்ளும், யார் எவ்வளவு என்று எல்லாருக்கும் தெரியும். முதல் பெயர் நான்தான் கொடுத்தேன். பிரேயரில் பிள்ளைகளிடமும் சொன்னேன். கை தட்டினார்கள்.

ஆனால் எனக்கு ஏது நேரம்? கணவர் அமல்தாஸ் குவைத்தில் இருக்கிறார். வீட்டில் மாமியார் சவரியம்மாள், எழுபத்திரண்டு வயது, மறதி நோய். காலையில் சாப்பிட்டது பத்து மணிக்கு நினைவிருக்காது. கால் மட்டும் ஓயாது. வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே இருப்பார். பத்தாம் தேதி எனக்குப் பதினாறு கிலோமீட்டர்தான் ஆகியிருந்தது.

"என்னா டீச்சர், அடுப்புக்கும் பாத்ரூமுக்கும் நடக்குறதத்தான் ஏத்துறீங்களா?" என்று தேவயானி டீச்சர் எல்லார் முன்னாலும் கேட்டாள். "ஒங்க கிளாஸ் புள்ளைங்க தவழ்ந்தே முந்திடும் போலருக்கே."

சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சாக்பீஸை எடுத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

அன்று சாயங்காலம் அத்தை பீரோவைத் திறந்து காவிச்சேலையை எடுத்து வைத்திருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து வருடம் தவறாமல் வேளாங்கண்ணிக்கு நடந்து போனவர். நோய் வந்த பிறகு நாங்கள் அனுப்பவில்லை. "கெளம்பலாமா புள்ள? கூட்டமெல்லாம் போயிருக்கும்," என்றார்.

"கெளம்பலாம் அத்தை," என்றேன். என் போனைத் துணிப்பையில் போட்டு அவர் தோளில் மாட்டினேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே, சுண்ணாம்புக்கல் வெட்டி எடுத்துவிட்டுப் போன பெரிய பள்ளம் இருக்கிறது. உள்ளே மழைத்தண்ணீர். சுற்றி லாரி ஓடிய பாதை. ஒரு சுற்று ஒன்றரை கிலோமீட்டர். காலையில் ஐந்து சுற்று, பள்ளி விட்டு வந்து நாலு. ஒவ்வொரு நாளும் அவருக்கு அதுதான் முதல் நாள். புதிதாகச் சேலை கட்டி, புதிதாக ஜெபம் சொல்லி, சந்தோஷமாகக் கிளம்புவார். நான் புளியமரத்தடியில் உட்கார்ந்து காய் நறுக்குவேன், நோட்டுத் திருத்துவேன். வேலையையும் தர்மத்தையும் எப்படி ஒன்றாகச் சமாளிக்கிறீர்கள் என்று அப்புறம் எல்லாரும் கேட்டார்கள். நேரத்தைப் பகுத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான்.

யாரும் பார்க்கவில்லையா என்கிறீர்கள். பார்த்தார்கள். ஆகஸ்ட் மாதத்தில் காவி கட்டி நடக்கிற கிழவியை எங்கள் பக்கம் யார் நிறுத்துவார்கள்? ஆடு மேய்க்கிறவர்கூடக் கும்பிட்டு, "மாதாகிட்ட எனக்கும் வேண்டிக்கங்க ஆத்தா," என்றார்.

ஒவ்வொரு சுற்றிலும் மரத்தடிக்கு வந்ததும் அத்தை கேட்பார். "வேளாங்கண்ணி இன்னும் எம்புட்டுத் தூரம்?"

"அந்த வளைவு தாண்டுனா வந்துடும் அத்தை."

போவார். திரும்ப வருவார். திரும்பக் கேட்பார்.

இருபதாம் தேதி வாக்கில் பாதம் வெடித்துவிட்டது. மருந்து வைத்துக் கட்டினேன். நான் ஒன்றும் கல்நெஞ்சக்காரி இல்லை. அந்தக் கட்டுப்போட்ட காலை மட்டும் போட்டோ எடுத்துக் குழுவில் போட்டேன். என் கால் என்று நான் எழுதவில்லை. தேவயானிதான் முதலில் பதில் போட்டாள்: "மன்னிச்சிடுங்க டீச்சர், கண்ணு கலங்குது." அமல்தாஸ் வீடியோவில் அம்மாவின் கால்கட்டைப் பார்த்துக் கேட்டதற்கு, பாத்ரூமில் வழுக்கிவிட்டது என்றேன். அவர் தூரதேசத்தில் இருக்கிறார், எதற்குப் பயமுறுத்த வேண்டும்?

ஒருநாள் அத்தை மரத்தடியில் நின்றுவிட்டார். முகம் வெளுத்திருந்தது. என் கையை இறுக்கிப் பிடித்தார்.

"இந்த மரத்த நான் முன்னாடியே பாத்தேன் புள்ள."

"அது வேற மரம் அத்தை."

"இல்ல. இங்க ஒரு பொம்பள ஒக்காந்து காய் அரிஞ்சா. எங்க போனாலும் அவ ஒக்காந்திருக்கா. யாரோ நம்மளச் சுத்த விடுறாங்க. வூட்டுக்குப் போயிடலாம் சோபி, பயமாருக்கு."

அவர் பிடித்த இடம் மாலை வரை சிவந்திருந்தது. எனக்கும் பயமாகத்தான் இருந்தது மேடம். ஜெபமாலையை அவர் விரலில் சுற்றிவிட்டு, "சொல்லிக்கிட்டே நடங்க, மாதா தொணை," என்றேன். நடந்தார். பயந்தவரை எப்படி நடக்க வைப்பது என்பது பயந்தவளுக்குத்தான் தெரியும்.

கடைசி நாள் காலை அது. முந்தின நாள் மழையில் தண்ணீர் பாதைக்குச் சமமாக ஏறியிருந்தது. இன்னும் ஒரே ஒரு சுற்று பாக்கி. அத்தை மூச்சு வாங்க வந்து அதே கேள்வியைக் கேட்டார். மூன்று வாரமாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்திருந்தது. தண்ணீரைக் காட்டி, "அதோ, கடல் வந்துடுச்சு பாருங்க அத்தை," என்றேன்.

அவர் முகம் மலர்ந்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேளாங்கண்ணி போய்ச் சேர்ந்தவர்கள் முதலில் கடலில் குளித்துவிட்டுத்தான் கோயிலுக்குப் போவார்கள். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதன் மேல், நனையாமல், பையை வைத்தார். "வா சோபி, நீயும் வந்து முங்கிக்க," என்று திரும்பிக் கூப்பிட்டார். முழங்கால். இடுப்பு. பிறகு அந்தப் பள்ளம் ஒரேயடியாக இறங்கிவிடும்.

எனக்கு நீந்தத் தெரியுமா என்று நேற்று கேட்டீர்கள். தெரியும். கொள்ளிடக்கரையில் பிறந்தவள்தானே நான்.

ஆறு மணி ஐம்பதுக்கு நின்றுபோன கணக்கு ஆறு ஐம்பத்தைந்துக்கு எப்படி மறுபடி ஓடியது என்பதுதானே உங்கள் சந்தேகம்? அந்த ஐந்து நிமிடம் நான் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் அசையாமல் நின்றதும் பையை எடுத்து என் தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு சுற்று. இருபது நிமிடம். அதன் பிறகுதான் ஆட்களைக் கூப்பிட்டேன்.

இதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அந்தக் கடைசி ஒன்றரை கிலோமீட்டரை நானே என் காலால் நடந்தேன். அதில் ஓர் அடிகூட நான் யாரையும் ஏமாற்றவில்லை.